கலையை விட்டுச் சென்றவருக்கு ஒரு கலைக் கண்காட்சி

ஒரு கலைஞர் மறைந்த பின்னர் அவருடைய வாழ்நாள் ஆக்கங்களை எல்லாம் ஓரிடத்தில் திரட்டி, தொடக்கம் முதல் இறுதி வரை வரிசைப்படுத்திக் காட்டுவது அரும்பொருளகங்களின் நெடுநாள் வழக்கம். மீள்நோக்குக் கண்காட்சி என்று இதனைக் கூறலாம். இளமைக் காலப் படைப்புகள் ஓர் அறையிலும், புகழ் ஓங்கிய காலத்துப் படைப்புகள் பெரிய கூடத்திலும், முதுமையில் கை நடுங்கச் செய்தவை கடைசி அறையிலும் வைக்கப்படும். பார்வையாளர் ஒரு வாழ்க்கையை நடந்தே கடந்து வெளிவருவர்.

2019ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள தியா பீக்கன் அரும்பொருளகத்தில் இத்தகைய கண்காட்சி ஒன்று தொடங்கியது. போருக்குப் பிந்திய ஜெர்மனியின் சிற்பிகளுள் ஒருவரான ஷார்லோட்டே போசெனென்ஸ்கே என்னும் அம்மையாருக்கான கண்காட்சி அது. அதில் முதுமைக் காலத்துக்கென்று அறை ஏதும் இல்லை, இருக்கவும் முடியாது. ஏனெனில், அம்மையார் தம் முப்பத்தேழாம் வயதில், 1968இல், சிற்பக் கலையைத் தாமே கைவிட்டார். அதன் பின் வாழ்ந்த பதினேழு ஆண்டுகளில் ஒரு சிற்பமும் செய்யவில்லை. தம் படைப்புகளைக் காட்சிக்கு வைக்கவும் இசையவில்லை. கலையால் சமூகத்துக்கு உடனடிப் பயன் எதுவும் இல்லை என்று எழுதி வைத்துவிட்டுப் போன ஒருவரை, கலையின் கோயில் என்று கருதப்படும் அரும்பொருளகம் எவ்வாறு போற்றுவது? போற்றலாமா? இவ்வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

அம்மையாரின் இயற்பெயர் ஷார்லோட்டே மாயர். 1930ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் வீஸ்பாடன் நகரில் பிறந்தார். தந்தை யூதர், மருந்தாளுநர். மகளுக்கு இரண்டே கால் வயதாக இருந்தபோது ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். 1935இல் நியூரம்பர்க் சட்டங்கள் யூதர்களின் குடியுரிமையைப் பறித்தன. 1939 ஜனவரியில் யூத மருந்தாளுநர்களின் தொழில் உரிமங்களும் இல்லாமற் செய்யப்பட்டன. 1940இல் அத்தந்தை தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1942இல் வீஸ்பாடனில் எஞ்சியிருந்த யூதர்கள் இரயில் வண்டிகளில் ஏற்றப்பட்டுக் கிழக்கே முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். தந்தை இறந்தபோது ஒன்பது வயதுச் சிறுமியாக இருந்த ஷார்லோட்டே, போர் முடியும் வரை மறைவாக வாழ்ந்தார். முதலில் ஒரு சலவைக்கூடத்தில், பிறகு ஒரு பண்ணையில். பதின்ம வயதுப் பெண்ணாக வெளிச்சத்துக்கு வந்தபோது, அவருடைய நாடு இடிபாடுகளின் குவியலாகக் கிடந்தது.

பின்னாளில் அவர் செய்த சிற்பங்களில் இக்கொடுமைகளின் சுவடு எதுவும் வெளிப்படையாக இல்லை. அழும் தாய் இல்லை, முள்வேலி இல்லை, நினைவுத்தூண் இல்லை. அவருடைய வரலாற்றை அறிந்தவர்கள் அந்த வெற்றுத் தகரக் குழாய்களுக்குள் ஒளிந்திருக்கும் சிறுமியைத் தேடுவது இயல்பே. எனினும் அவ்வாறு தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் தம் துயரத்தை விற்பனைக்கு வைக்க மறுத்தவர். அந்த மறுப்புக்கு நாம் மதிப்பளிக்க வேண்டும்.

ஆயினும், அவருடைய சிற்பங்களில் மனித உருவம் ஏன் அறவே இல்லை என்பதை விளங்கிக்கொள்ள அக்காலச் சிற்பக் கலையின் நிலையைச் சற்று அறிய வேண்டும். நாஜி ஆட்சி சிற்பக் கலையை மிகவும் விரும்பியது. ஆர்னோ பிரேக்கர் என்னும் சிற்பி அவ்வாட்சியின் செல்லப்பிள்ளை. பெர்லினில் 1939இல் திறக்கப்பட்ட புதிய ஆட்சித் தலைமையகத்தின் வாயிலில் அவர் செய்த இரண்டு மாபெரும் ஆண் உருவங்கள் நின்றன. ஒன்று தீப்பந்தம் ஏந்தியது. மற்றொன்று வாள் ஏந்தியது. முதலாவது கட்சியையும் இரண்டாவது படையையும் குறித்தன. முறுக்கேறிய தசை, நிமிர்ந்த தலை, ஐயமே அறியாத முகம். 1937இல் மியூனிக் நகரில் இத்தகைய 'மாபெரும் ஜெர்மன் கலை' ஒரு மாளிகையில் காட்டப்பட்டது. அதற்கு மறுநாள், 'சீரழிந்த கலை' என்ற பெயரில் நவீனக் கலைஞர்களின் படைப்புகளை இழிவுபடுத்திக் காட்டும் இன்னொரு கண்காட்சி அருகிலேயே திறக்கப்பட்டது. கண்காட்சி என்பது எப்போதும் போற்றுவதற்கு மட்டுமே பயன்படுவதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

போர் முடிந்தபின், 1948இல், பிரேக்கர் 'உடன் சென்றவர்' என்று வகைப்படுத்தப்பட்டார். நூறு மார்க் அபராதம் விதிக்கப்பட்டார். பிறகு ட்யூசெல்டார்ஃப் நகரில் குடியேறித் தொழிலதிபர்களின் மார்பளவுச் சிலைகளைச் செய்துகொண்டு, 1991 வரை நிறைவாழ்வு வாழ்ந்தார். வரலாறு சிலரிடம் மிகவும் கருணையாக நடந்துகொள்கிறது!

ஆக, 1945க்குப் பின் ஜெர்மனியில் உளி எடுத்த இளைஞர் எவருக்கும் முன்னால் ஒரு தடை நின்றது. வீர உருவம் செய்ய முடியாது, அது பொய்த்துவிட்டது. பீடத்தின் மேல் எதையேனும் நிறுத்தி மக்களை அண்ணாந்து பார்க்க வைப்பதே ஐயத்துக்குரியதாகிவிட்டது. அப்படியானால் சிற்பம் என்ன செய்யலாம்?

நம் அம்மையாருக்கு வாய்த்த ஆசிரியர் இவ்வினாவுடன் வாழ்ந்தவர். வில்லி பௌமைஸ்டர் என்னும் அவ்வோவியர், நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டிலேயே பிராங்க்ஃபர்ட் கலைப்பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவர். அவருடைய படங்கள் 'சீரழிந்த கலை' கண்காட்சியில் தொங்கவிடப்பட்டன. போர்க்காலத்தில் வூப்பர்டால் நகரில் ஒரு வண்ணப்பூச்சுத் தொழிற்சாலையில் வேலை செய்து பிழைத்தார். 1946இல் ஸ்டுட்கார்ட் கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறைக்கு வெளியே தள்ளப்பட்டிருந்த ஓர் ஆசிரியர் மீண்டும் கரும்பலகையின் முன் வந்து நிற்கும்போது என்ன சொல்லித் தருவார் என்பதை ஆசிரியர்களாகிய நாம் எண்ணிப் பார்க்கலாம். 1950களின் தொடக்கத்தில் ஷார்லோட்டே அவரிடம் பயின்றார். அதன் பின் நாடக அரங்குகளில் மேடையமைப்பும் உடையமைப்பும் செய்யும் வேலைக்குச் சென்றார். முதலில் லூபெக், பிறகு டார்ம்ஸ்டாட். 1955இல் பவுல் ஃபிரெடரிக் போசெனென்ஸ்கே என்னும் கட்டடக் கலைஞரை மணந்து, பிராங்க்ஃபர்ட் வட்டாரத்தில் வாழத் தொடங்கினார்.

நாடக மேடையிலிருந்து வந்தவர் என்பதை நான் முதன்மையாகக் கருதுகிறேன். மேடையில் எதுவும் நிலையானதன்று. மரப்பலகையும் துணியும் இன்று அரண்மனையாகும், நாளை சிறைச்சாலையாகும். காட்சி முடிந்தால் நான்கு பேர் வந்து தூக்கிச் செல்வர். யாரும் அதனைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை.

முதலில் அவர் ஓவியந்தான் தீட்டினார். வண்ணத்தைக் கரண்டியால் இழுத்துப் பூசிப் பார்த்தார்; தெளிப்பானால் தெளித்துப் பார்த்தார். ஆண்டுகள் செல்லச் செல்லத் தம் கையெழுத்துப் போன்ற தடம் படைப்பில் தெரியக்கூடாது என்னும் எண்ணம் அவருக்கு வலுத்து வந்ததை அப்படங்களின் வரிசை காட்டுகிறது. பின்பு தாளை மடித்தார். மடித்த தாள் சுவரிலிருந்து எழுந்து நின்றது. தாளுக்கு மாற்றாக அலுமினியத் தகடு வந்தது. 1966, 1967 ஆண்டுகளில் தகடுகளை வளைத்தும் மடித்தும் புடைப்புச் சிற்பங்கள் செய்தார். அவற்றுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு என்று தொழிற்சாலைகள் பயன்படுத்தும் தரநிர்ணய வண்ணங்களையே பூசினார். ஒவ்வொன்றுக்கும் கவிதை போலத் தலைப்பு வைக்கும் பழக்கம் அவரிடம் இல்லை. வரிசை ஏ, வரிசை பி, வரிசை சி என்று எழுத்துகளால் குறிப்பிட்டார். ஒரே வடிவத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம், எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம் என்பதே கருத்து.

1967இல் வந்தது வரிசை டி. அவருடைய பெயர் இன்று நிலைத்திருப்பதற்குக் காரணம் இதுவே. துத்தநாகம் பூசிய எஃகுத் தகட்டால் ஆன சதுரக் குழாய்கள் இவை. பார்த்தவுடன் யாருக்கும் நினைவுக்கு வருவது கட்டடங்களின் கூரையடியில் ஓடும் காற்றுக் குழாய்கள்தாம். பேரங்காடிகளின் கார் நிறுத்துமிடங்களில் தலையை உயர்த்திப் பார்த்தால் இவற்றின் உடன்பிறப்புகளைக் காணலாம். இவ்வரிசையில் ஆறு உறுப்புகள் உள்ளன. நேரான சதுரக் குழாய், நீள்சதுரக் குழாய், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இணைப்பு, திரும்பும் முழங்கை, மூன்று பக்கம் கிளைக்கும் துண்டு என்று ஒவ்வொன்றும் ஒரு வகை. விளிம்புகளைத் திருகாணிகளால் பூட்டினால் உறுப்புகள் ஒன்றோடொன்று சேரும். எந்த உறுப்பை எதனோடு சேர்ப்பது, குழாய் தரையில் ஊர்வதா, நிமிர்வதா, கூரையிலிருந்து தொங்குவதா என்பதை எல்லாம் முடிவு செய்பவர் சிற்பி அல்லர். வாங்குபவரோ, காட்சிக்கு வைப்பவரோ தாமே முடிவு செய்துகொள்ள வேண்டும். நம் பிள்ளைகள் தமிழ் எழுத்துகளை வைத்துச் சொற்களை ஆக்குவது போன்றது இது. எழுத்துகளுக்கு உரிமையாளர் இல்லை; எழுதி முடித்தபின்னும் எழுத்துகள் தீர்ந்துபோவதில்லை.

அதே ஆண்டில் வரிசை டிடபிள்யூ வந்தது. இது பெட்டிகள் செய்யும் நெளியட்டையால் ஆனது, நான்கே உறுப்புகள். எஃகுக் குழாயைத் தூக்க ஆள் பலம் வேண்டும். அட்டைக் குழாயை இருவர் எளிதாகத் தூக்கி இடம் மாற்றலாம். அதன் பிறகு வந்த வரிசை ஈ, கதவுகளைப் போலச் சுழலும் பலகைகளைக் கொண்டது. பார்வையாளர் தள்ளினால் திறக்கும், மூடும், வடிவம் மாறும். தொட்டுப் பார்க்காதவருக்கு அச்சிற்பம் பாதிதான்.

விலையைப் பற்றியும் கூற வேண்டும். இவ்வரிசைகளுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. கலைச் சந்தையில் ஒரு படைப்பின் விலை ஏறுவது அது அரிதாக இருப்பதால். ஐந்து பிரதிகளுடன் அச்சை உடைத்துவிட்டால் ஐந்துக்கும் மதிப்புக் கூடும். அம்மையார் இதனைத் தலைகீழாக்கினார். கேட்பவருக்கெல்லாம் செய்து தரலாம், ஆக்கச் செலவே விலை என்றார். தனி ஒருவருக்கான தனிப்பொருளைச் செய்ய விரும்பாததாலேயே வரிசைகளைச் செய்கிறேன் என்பது அவருடைய நிலைப்பாடு. எல்லாரும் வாங்கலாம், எல்லாரும் அடுக்கலாம், எவரும் முதலீடாக வைத்துக் காக்க முடியாது.

இக்கொள்கை நடைமுறையில் எப்படி இருந்தது என்பதை ஓர் இரவு காட்டுகிறது. 1967 செப்டம்பர் 9ஆம் நாள், பிராங்க்ஃபர்ட் நகரின் நீடெர்ஊர்செல் பகுதியில் பழைய பண்ணை வீடு ஒன்றில் இயங்கிய கலைக்கூடத்தில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. பால் மேன்ஸ், பீட்டர் ரோயர் ஆகிய இளைஞர்கள் ஏற்பாடு செய்தது. இரவு 7.45க்குத் தொடங்கி 9.55க்கு முடிந்தது. கண்காட்சியின் ஆயுளே இரண்டு மணி பத்து நிமிடம். அந்நேரத்தில் வேலையாட்களின் உடை அணிந்த உதவியாளர்கள் அம்மையாரின் அட்டைக் குழாய்களை முற்றத்தில் பூட்டினர், பிரித்தனர், வேறு விதமாகப் பூட்டினர். வந்தவர்கள் பார்த்தது முடிந்த சிற்பத்தை அன்று, வேலையை. அவ்வாண்டு டிசம்பரில், ட்யூசெல்டார்ஃப் நகரில் கொன்ராட் ஃபிஷர் அப்போதுதான் தொடங்கியிருந்த புகழ்பெற்ற கலைக்கூடத்தில், ஹன்னே டார்போவென் என்னும் மற்றோர் அம்மையாருடன் இணைந்து தம் படைப்புகளைக் காட்டினார். அக்கலைக்கூடம் இரு கட்டடங்களுக்கு இடையே இருந்த குறுகிய வழிப்பாதையை அடைத்து உருவாக்கியது. முன்னேறி வந்த ஒரு கலைஞருக்கு இதைவிட நல்ல தொடக்கம் அமைவது அரிது.

ஆறு மாதங்களுக்குள் எல்லாவற்றையும் விட்டுவிட்டார்.

அந்த ஆறு மாதங்களில் மேற்கு ஜெர்மனி கொதித்துக்கொண்டிருந்தது. 1967 ஜூன் 2ஆம் நாள் மேற்கு பெர்லினில் ஓர் ஆர்ப்பாட்டத்தின்போது பென்னோ ஓனெசோர்க் என்னும் மாணவர் காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். 1968 ஏப்ரல் 11ஆம் நாள் மாணவர் தலைவர் ரூடி டுட்ஷ்கே தெருவில் சுடப்பட்டார். அரசு நெருக்கடி காலச் சட்டங்களைக் கொண்டுவர முனைந்து, மே மாத இறுதியில் நிறைவேற்றியது. 1963 முதல் 1965 வரை பிராங்க்ஃபர்ட்டில் நடந்த ஆஷ்விட்ஸ் வழக்குகள், பெற்றோர் தலைமுறை என்ன செய்தது என்னும் கேள்வியைப் பிள்ளைகளின் உணவு மேசைக்குக் கொண்டுவந்திருந்தன. இந்தச் சூழலில், 1968 மே மாதம், 'ஆர்ட் இண்டர்நேஷனல்' என்னும் கலை இதழில் அம்மையாரின் சுருக்கமான அறிக்கை ஒன்று வெளிவந்தது.

அறிக்கையின் முதற்பகுதி வரிசைகளைப் பற்றிய விளக்கம். இறுதிப் பகுதிதான் பலரையும் திடுக்கிட வைத்தது. கலையின் வடிவம் விரைந்து முன்னேறினாலும் அதன் சமூகப் பணி பின்னடைந்துவிட்டது, கலை ஒரு விற்பனைப் பண்டம், அவசரமான சமூகச் சிக்கல்களைத் தீர்ப்பதில் கலையால் எதுவும் செய்ய முடியாது என்ற உண்மையுடன் ஒத்துப்போவது தமக்குக் கடினமாக உள்ளது என்பதே அதன் சாரம். இதில் கூச்சல் இல்லை. புரட்சி முழக்கம் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன், விடை இப்படி வந்தது என்று ஒரு மாணவி கூறுவதைப் போல இருக்கிறது.

அதன் பின் அவர் சமூகவியல் படிக்கச் சென்றார். கலை உலகத்தார் பலர் இதனை விரக்தி என்றும் மௌனம் என்றும் தியாகம் என்றும் எழுதியிருக்கின்றனர். அரும்பொருளகங்களின் விளக்கப் பலகைகளும் இதே தொனியில்தான் பேசுகின்றன. எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. ஒருவர் ஒரு துறையை விட்டு வேறொரு துறைக்குப் போனால், விட்டுப் போன துறையார் அவரை 'இடைநின்றவர்' என்று பதிவேட்டில் எழுதிக்கொள்கின்றனர். போன இடத்தில் அவர் என்ன செய்தார் என்று விசாரிப்பவர் குறைவு. ஷார்லோட்டே போசெனென்ஸ்கே மௌனமாகிவிடவில்லை. பதினேழு ஆண்டுகள் வேறு மொழியில் பேசினார்.

அவர் ஆராய்ந்தது தொழிற்சாலை வேலையை. 1979இல், தம் இரண்டாம் கணவரும் சமூகவியலாளருமான புர்க்ஹார்ட் பிரூனுடன் சேர்ந்து ஒரு நூல் எழுதினார். 'குறித்த நேரமும் வேலை மதிப்பும்' என்று அதன் தலைப்பை ஏறத்தாழத் தமிழாக்கலாம். ஒரு தொழிலாளி ஒரு பொருளைச் செய்ய எவ்வளவு நேரம் எடுக்க வேண்டும் என்று யார், எப்படி முடிவு செய்கின்றனர் என்பதே அதன் ஆய்வு. ஃபிரெடரிக் டெய்லர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுத்துக் கடிகாரத்துடன் தொழிலாளர்களின் பின்னால் நின்ற கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1940களின் இறுதியில் இம்முறை மேலும் கூர்மையடைந்தது. கையை நீட்டல், பற்றல், நகர்த்தல், பொருத்தல், விடுதல் என்று மனிதக் கையின் அசைவுகளைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே நேரம் குறித்தனர். அதற்கான அலகு ஒரு மணி நேரத்தின் ஓர் இலட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 0.036 வினாடி. கண் இமைப்பதைக் காட்டிலும் குறைந்த அந்த அலகில் ஒரு மனிதரின் நாள் முழுவதும் அளக்கப்பட்டது. இவ்வளவைகள் அறிவியல் என்ற பெயரில் வந்தாலும், அவற்றை அமைப்பதில் முதலாளிகளின் நலன் எங்கே புகுந்துகொள்கிறது என்பதை அந்நூல் ஆராய்ந்தது.

நூலுக்கும் சிற்பத்துக்கும் உள்ள உறவு இங்கேதான் தெரிகிறது. 1967இல் தொழிற்சாலை அவருக்குத் தோழனாகத் தோன்றியது. தகடு வெட்டும் இயந்திரம் ஏழை, பணக்காரர் என்று பார்ப்பதில்லை. ஒரே அளவில், ஒரே தரத்தில், மலிவாகச் செய்து தருகிறது. தரப்படுத்தப்பட்ட உறுப்பு, மக்களாட்சியின் உறுப்பு என்று அவர் கருதினார். ஆனால் அந்த உறுப்பை மடிக்கும் கையும் தரப்படுத்தப்பட்டிருந்தது. குழாயை வாங்கியவருக்கு அதனை விரும்பியபடி அடுக்கும் உரிமையைச் சிற்பி அளித்தார். குழாயைச் செய்த தொழிலாளிக்குத் தன் கையை விரும்பியபடி அசைக்கும் உரிமை இல்லை. சிற்பக்கூடத்தில் நின்றபடி இந்த முரணைத் தீர்க்க முடியாது. அவர் அதனைப் பார்க்கத் தொழிற்சாலைக்குள் சென்றார் என்றே நான் அவருடைய விலகலைப் படிக்கிறேன். சிற்பத்தில் கேட்ட கேள்வியை விடாமல் பின்தொடர்ந்த ஒருவரை ஓடிப்போனவர் என்று எப்படிக் கூறுவது?

அக்காலத்தில் ஜெர்மனியில் புகழின் உச்சியில் இருந்த சிற்பி யோசஃப் பாய்ஸ். ஒவ்வொரு மனிதரும் கலைஞரே என்று கூறி வந்தவர் அவர். அவர் கலையை விரித்து உலகம் முழுவதையும் அதற்குள் கொண்டுவர முயன்றார். தொப்பியும் மீன்பிடிப்போர் அணியும் மேற்சட்டையுமாகத் தம் உருவத்தையே ஓர் அடையாளமாக்கிக்கொண்டார். அம்மையாரோ கலையின் எல்லை இதுதான் என்று கோடு கிழித்துவிட்டு, கோட்டைத் தாண்டி நடந்தார். அவர் 1985 அக்டோபர் 3ஆம் நாள் பிராங்க்ஃபர்ட்டில் காலமானார். அகவை ஐம்பத்து நான்கு. பாய்ஸ் 1986 ஜனவரியில் மறைந்தார். இருவர் மறைவுக்கும் உலகம் அளித்த கவனத்தில் இருந்த வேறுபாட்டைச் சொல்லத் தேவையில்லை.

அவர் மறைந்த பின் அவருடைய படைப்புகளை மீண்டும் வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் கணவர் பிரூன். வரம்பற்ற வரிசை என்பதால், முன்மாதிரிகளைக் கொண்டு புதிய உறுப்புகளைத் தொழிற்சாலையில் செய்விக்க வழியிருந்தது. ஆக்கச் செலவை ஒட்டிய விலை என்னும் விதியும் தொடர்ந்தது. குழாய்கள் பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் கூட வைக்கப்பட்டன. அங்கே அவற்றைக் கடந்து சென்ற பயணிகளில் எத்தனை பேர் அவற்றைச் சிற்பம் என்று உணர்ந்திருப்பர்? உணராமற் போனால் அம்மையார் வருந்தியிருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது. 2007இல் காசெல் நகரின் பன்னிரண்டாம் டோக்குமெண்டா கண்காட்சி அவரைப் பன்னாட்டுப் பார்வையாளர்களுக்கு மீண்டும் அறிமுகப்படுத்தியது. 2010இல் நியூயார்க்கின் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஸ்பேஸ் கூடம் இன்னும் பொருத்தமான ஒன்றைச் செய்தது: ஏய் அராக்காவா, ரிக்ரித் திரவனிஜா ஆகிய கலைஞர்களை அழைத்து, கண்காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே குழாய்களை மாற்றி அடுக்க வைத்தது.

இதன் தொடர்ச்சியாக வந்ததே 2019ஆம் ஆண்டின் பெரிய மீள்நோக்குக் கண்காட்சி. ஜெசிக்கா மோர்கன், அலெக்சிஸ் லௌரி ஆகியோர் தொகுத்த அதற்கு 'நடந்துகொண்டிருக்கும் பணி' என்னும் பொருள்படப் பெயர் வைத்தனர். இடமும் தற்செயலாகப் பொருந்தியது. தியா பீக்கன் அரும்பொருளகம் 2003இல் திறக்கப்பட்டாலும், அக்கட்டடம் 1929இல் நபிஸ்கோ பிஸ்கட் நிறுவனம் தன் அட்டைப் பெட்டிகளை அச்சிடக் கட்டிய தொழிற்சாலை. அட்டையால் சிற்பம் செய்தவருக்கு அட்டைப் பெட்டித் தொழிற்சாலையில் கண்காட்சி! கூரைச் சாளரங்கள் வழியே இறங்கும் அதே வெளிச்சத்தில் முன்பு தொழிலாளர்கள் நின்று வேலை செய்தனர்.

ஆனால், அந்தக் கட்டடத்தில் அவருக்கு அண்டை வீட்டாராக அமைந்தவர்களையும் பார்க்க வேண்டும். டொனால்ட் ஜட் முதலிய அமெரிக்க மினிமலிசச் சிற்பிகளின் ஆக்கங்கள் அங்கே நிலையாக உள்ளன. அவர்களும் தொழிற்சாலைப் பொருள்களைக் கொண்டே சிற்பம் செய்தவர்கள்; பார்வைக்கு அம்மையாரின் உறவினர்கள். உள்ளே போனால் வேறுபாடு பெரியது. ஜட் தம் பெட்டிகளைத் தகரப் பட்டறையில் செய்வித்தார். ஆயினும் ஓர் இத்தாலியச் சேகரிப்பாளர், தம்மிடமிருந்த வரைபடங்களைக் கொண்டு ஜட்டின் இசைவின்றிச் சில சிற்பங்களைச் செய்துகொண்டபோது, அவை தம் படைப்புகளே அல்ல என்று கடுஞ்சினத்துடன் எழுதினார். அவரைக் குறை கூற இயலாது. ஒரு கலைஞருக்கு அது உரிமை. போசெனென்ஸ்கே அந்த உரிமையையே வேண்டாம் என்றவர். இருவரையும் ஒரே கூரையின் கீழ் ஒரே பாணியினர் என்று காட்டும்போது, கண்ணுக்குத் தெரியும் ஒற்றுமை மேலெழுந்து, கண்ணுக்குத் தெரியாத கொள்கை அமிழ்ந்துபோகும் அபாயம் உண்டு.

இன்னொரு சிக்கலும் உண்டு. அவர் காலத்திலேயே செய்யப்பட்ட முன்மாதிரிகளும், மறைவுக்குப் பின் செய்யப்பட்ட உறுப்புகளும் இக்கண்காட்சியில் சேர்ந்தே இடம்பெற்றன. அவருடைய கொள்கைப்படி இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. ஆனால் அரும்பொருளகம் என்னும் அமைப்பே மூலத்துக்கும் படிக்கும் வேறுபாடு காண்பதற்காக ஏற்பட்டது. 1967ஆம் ஆண்டின் பழைய அட்டைக்குத் தனி மதிப்பு வந்துவிடுகிறது, காப்பீடு வருகிறது, காவலர் வருகிறார். பூட்டிப் பிரித்து விளையாட வேண்டிய பொருள் தொடக்கூடாத பொருளாகிறது. இதற்காகக் கண்காட்சி நடத்தியவர்களை நான் பழிக்கவில்லை. மக்கும் அட்டையைப் பாதுகாக்காவிட்டால் அடுத்த தலைமுறைக்கு முன்மாதிரியே இராது. எனினும், அவரை அரும்பொருளகம் முழுமையாக ஏற்றுக்கொள்ள முடியாது என்பதையும், அந்த இயலாமை அவருடைய வெற்றியின் ஒரு பகுதி என்பதையும் ஒளிக்காமல் சொல்லலாம்.

அப்படியானால் கண்காட்சி நடத்தியது சரியா? சரியென்றே கருதுகிறேன். நடத்தாமல் விட்டிருந்தால், அறுபதுகளின் ஐரோப்பியச் சிற்பக் கலை வரலாற்றில் ஒரு யூதக் குடும்பத்துப் பெண்ணின் இடம் வெற்றிடமாகவே இருந்திருக்கும். கலையைப் பற்றிய அவருடைய ஐயம் கூட நம் காதுக்கு எட்டியிருக்காது. ஓவியப் பாடத்தால் என் பிள்ளைக்கு என்ன பயன் என்று கேட்கும் பெற்றோரும், கலை மனத்தைப் பண்படுத்தும் என்று பழகிய விடையைக் கூறும் ஆசிரியரும் அவருடைய அறிக்கையை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். இரு தரப்பாருக்கும் அது இதமாக இராது. கலை பயனற்றது என்று கூறியவர், கலையால் வந்த கூர்மையான பார்வையைக் கொண்டே தொழிற்சாலையை ஆராய்ந்தார் என்பது பெற்றோருக்கான முள். அந்தப் பார்வை மட்டும் போதாது, கணக்கும் புள்ளிவிவரமும் சட்டமும் படிக்க வேண்டும் என்று அவர் எழுந்து போனது ஆசிரியருக்கான முள்.

கண்காட்சி அமெரிக்காவில் 2019 செப்டம்பர் வரை நடந்தது. அதன் பின் குழாய்கள் கழற்றப்பட்டு, பார்சலோனாவின் தற்காலக் கலை அரும்பொருளகத்துக்குச் சென்றன. 2020இல் ட்யூசெல்டார்ஃப், 2020 இறுதியிலிருந்து 2021 தொடக்கம் வரை லக்சம்பர்க். ட்யூசெல்டார்ஃபில் அவை ஏறிய கே20 என்னும் மாநில அரும்பொருளகம், 1967 டிசம்பரில் கொன்ராட் ஃபிஷரின் குறுகிய வழிப்பாதையில் அவர் தம் படைப்புகளைக் காட்டிய அதே நகரில் உள்ளது. ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தபோது, எப்படி அடுக்க வேண்டும் என்னும் கட்டளைத் தாள் எதுவும் குழாய்களுடன் வரவில்லை. அங்கிருந்தவர்கள் தாங்களே கூடிப் பேசி, திருகாணிகளை எடுத்துப் பூட்டத் தொடங்க வேண்டியிருந்தது.